ஐந்தருவிச் சாலைச் செவலையைக் கேட்டவர்களுக்கு



ஐந்தருவிச் சாலையில் பழக்கடைகளுக்குப் பின்னால் ஒரு செவலை நாய் மூன்று வாரமாகத் திரிகிறது. ஒடுங்கிய முகம், ஒட்டிய வயிறு, கழுத்தைச் சுற்றி நைலான் கயிறு அறுத்த தழும்பு. குற்றாலம் சீசனுக்கு வந்த கார் எதிலாவது ஏற்றி வந்து இறக்கிவிட்டார்களா, ராத்திரி முயலுக்கு வந்தவர்கள் தொலைத்துவிட்டுப் போனார்களா, யாருக்கும் தெரியவில்லை. ரம்புட்டான் விற்கும் அண்ணாச்சிதான் எனக்குச் சொன்னார். நான் போய் ஒரு படம் எடுத்துத் தெரிந்த நாலு பேருக்கு அனுப்பினேன். மறுநாள் விடிவதற்குள் பதினான்கு பேர் கேட்டுவிட்டீர்கள்.

'சிப்பிப்பாறையா அண்ணாச்சி? எனக்குத்தான்' என்று ஒருவர். 'ஒரிஜினலா, கிராஸா?' என்று இன்னொருவர். 'முயல் பிடிக்குமா?' என்று மூன்று பேர். ஒரு தங்கை மட்டும் 'அது சாப்பிட்டுச்சா?' என்று கேட்டிருந்தாள். பதினான்கு பேருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் இந்த ஒரே மடல். கொஞ்சம் நீளம்தான். படித்து முடிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு இந்த நாய் சரிப்படாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டில் இருப்பவள் மயிலை. நிறத்தை வைத்தே பேர். மாட்டுக்குச் சொல்லும் நிறப்பேர்களைத்தான் இந்தப் பக்கத்து வேட்டைநாய்க்கும் சொல்வார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் பிரானூர் பார்டரில், பரோட்டாக் கடைகளின் பின்புறம் கோழி எலும்புக்குக் காத்து நின்றவளை இலஞ்சிக்குக் கூட்டிவந்தேன். முதல் மாதத்தில் அவள் தின்று தீர்த்தவை: பிளாஸ்டிக் நாற்காலியின் இரண்டு கைகள், நாலு ஜோடி செருப்பு, வாசல் நிலையின் அடிப்பாகம், என் மாமனாரின் காது மிஷின். காது மிஷின் விஷயத்தில் மாமனார் இன்றுவரை என்னைத்தான் குற்றம் சொல்கிறார். அவர் சொல்வதும் சரிதான்.

நான் அதைச் சேட்டை என்று நினைத்து அதட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஆச்சி ஒருநாள் நடையில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏய்யா, வேலை இல்லாமல்லா இது கெடந்து துடிக்கு. எங்கய்யா வச்சிருந்த நாய் ராத்திரி பூரா தோட்டத்தைச் சுத்தும். பகல் பூரா செத்த பொணம் மாதிரி உறங்கும். நீ கட்டிப்போட்டுச் சோறு வைக்க. அது என்ன செய்யும்?"

'நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை' என்று நாம் சொல்லிச் சிரிப்போம். தெருநாயைப் பார்த்துச் சொன்ன பழமொழியாக இருக்க வேண்டும். செவலையின் முப்பாட்டனுக்கு வேலை இருந்தது. சிப்பிப்பாறை என்பது விருதுநகர் மாவட்டத்து ஊர், அதன் பேரில்தான் இந்த நாயினம். நம் திருவேங்கடத்திலிருந்து அதிக தூரமில்லை. அந்தக் கரிசல் வெளியில் மறைவுக்கு மரம் கிடையாது. முயல் எழுந்தால் கண்ணுக்கெட்டும் தூரம்வரை அதன் ஓட்டம் தெரியும். மண்ணை மோந்து மோந்து துப்புத் துலக்கும் நாய்க்கு அங்கே என்ன வேலை? கண்ணில் பட்ட மாத்திரத்தில் பாய்கிற நாய்தான் வேண்டும். நீண்ட கால், ஆழமான நெஞ்சு, சுருங்கிய வயிறு, ஒட்டிய ரோமம் எல்லாம் அந்த ஒரு நிமிஷப் பாய்ச்சலுக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்தவை. கன்னி இனமும் இதே வார்ப்புதான். ராஜபாளையம் கொஞ்சம் கனத்த உடம்பு, தோட்டக் காவலுக்கும் ஆகும். கோம்பை வேறு ரகம். தேனிப் பக்கத்து மலையடிவாரத்துக் காவல்காரன்.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காலப்போக்கில் முயல் வேட்டை குற்றமானது. ஆகவேண்டியதுதான், முயலுக்கும் உயிர் உண்டு. ஆனால் சட்டம் வந்தது நாயின் காலுக்குத் தெரியாது. அதன் வேலையை நாம் நிறுத்தினோம், ஓட்டத்தை அதன் உடம்புக்குள்ளேயே விட்டுவிட்டோம். அதைக் கூட்டிப்போகிறவர் அந்த ஓட்டத்துக்கும் சேர்த்துத்தான் பொறுப்பேற்கிறார். எனக்குச் சொல்ல இருப்பது அடிப்படையில் இவ்வளவுதான். மீதியெல்லாம் அதை எப்படிச் செய்வது என்கிற விவரம்.

இந்த நாய்களுக்குப் புகழ் வராமல் இல்லை. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நாலு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை போட்டது, அதில் ராஜபாளையமும் ஒன்று. 2018-இல் 'பரியேறும் பெருமாள்' படம் வந்து, அதில் வரும் கருப்பி என்ற நாயைப் பார்த்துத் தமிழ்நாடே அழுதது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலிப் பேச்சில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பேர் சொல்லி நாட்டு நாய்களை வளர்க்கச் சொன்னார். சு. தியடோர் பாஸ்கரன் போன்றவர்கள் அதற்கு எத்தனையோ வருஷம் முன்பிருந்தே எழுதிவந்ததைத்தான் அன்றைக்கு எல்லோரும் புதுசாகக் கேட்டார்கள். நல்லது. ஆனால் புகழ் வந்த பிறகு என் கண்ணில் பட்டது வேறொன்று. குட்டியைத் தூக்கித் தோளில் போட்டுப் படம் எடுத்தவர்கள், அது எட்டாம் மாதம் மதில் தாண்டிப் பக்கத்து வீட்டுக் கோழியைப் பிடித்ததும் இரண்டடிச் சங்கிலியில் கட்டினார்கள். ஒரு வயதில் அது ராத்திரியெல்லாம் ஊளையிட்டது. அதற்குப் பிறகு ஒரு கார், ஒரு அருவிக்கரை.

இதைத் தட்டிக்கேட்கச் சட்டம் இருக்கிறது. 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டப்படி, பட்டினி கிடக்க நேரும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம். முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து 50 ரூபாய்வரை. 50 ரூபாய்க்குக் குற்றாலத்தில் கால் கிலோ மங்குஸ்தான் வாங்க முடியுமா என்று பழக்கடை அண்ணாச்சியிடம் கேட்டுப் பாருங்கள்.

'ஒரிஜினலா' என்று கேட்ட தம்பிக்கு மட்டும் ஒரு வார்த்தை. அது எனக்குத் தெரியாது, செவலைக்கும் தெரியாது. மனுஷனைப் பார்த்ததும் 'எந்த ஊரு, எந்தத் தெரு' என்று சுற்றி வளைத்துக் கேட்கும் பழக்கம் நம்மை இன்னும் விடவில்லை. நாயிடமாவது நேராகக் கேட்கிறோமே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான். நாய்க்குச் சாதிப்பேர் வைத்துத் துண்டு கட்டி வீடியோ போடுகிற ஆசை யாருக்காவது இருந்தால், தயவுசெய்து என் வீட்டுப் பக்கம் வராதீர்கள். கருப்பி செத்த படத்தைப் பார்த்துவிட்டா இதைச் செய்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றும்.

இனி விவரம்.

எடுத்த எடுப்பில் எலும்பு தெரிகிறதே என்று பயப்படாதீர்கள். நல்ல ஆரோக்கியமான சிப்பிப்பாறைக்கும் கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு தெரியும். மயிலையைக் கூட்டிக்கொண்டு தென்காசி ரத வீதியில் நடந்தால் மாதத்துக்கு ஒருவராவது நிறுத்தி, 'சோறு போடுறதில்லையா?' என்று கேட்கிறார். முதுகெலும்பு முள் முள்ளாகத் துருத்தினால்தான் பட்டினி. செவலைக்கு அது துருத்துகிறது. அவனுக்கு ஒரே நாளில் பிரியாணி வாங்கிப் போட்டுக் கொழுக்கவைக்க நினைத்தால் வயிற்றால் போகும். கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு மூன்று நாலு வேளையாக. குழைந்த சோறு, வேகவைத்த கோழி, முட்டை, பிறகு கம்பும் கேப்பையும். வெந்த கோழி எலும்பு மட்டும் வேண்டவே வேண்டாம். அது சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். பார்டர் கடைகளின் பின்னால் மயிலை எப்படித் தப்பினாள் என்பது இன்னும் எனக்கு ஆச்சரியம்.

அடுத்தது கால்நடை மருத்துவர். வெறிநாய்க்கடித் தடுப்பூசி, மற்ற கூட்டுத் தடுப்பூசி, குடற்புழு மருந்து. காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கும். உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். சீசன் தண்ணீர் தேங்கும் ஊர் என்பதால் எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் கூட்டு ஊசியில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குடும்பக்கட்டுப்பாடு அறுவைக்குப் போகும்போது 'இது வேட்டைநாய், உடம்பில் கொழுப்பே கிடையாது' என்று நீங்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கிரேஹவுண்ட் வகை நாய்களுக்குச் சில மயக்க மருந்துகள் தெளிய வெகுநேரம் ஆகும். மருத்துவருக்குத் தெரிந்திருக்கும்தான், சொல்வதால் ஒன்றும் குறைந்துபோகாது.

பெல்ட் விஷயத்தில் நான் ஒரு தடவை உயிரை விட்டுப் பிடித்தேன். இந்த நாய்க்குத் தலையைவிடக் கழுத்து தடிமன். கடையில் கிடைக்கும் சாதாரண பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும், பின்பக்கமாக ஒரு இழு இழுத்தால் காதைத் தாண்டிக் கழன்றுவிடும். மயிலை அப்படித்தான் செங்கோட்டைச் சாலையில் கழற்றிக்கொண்டு, கேரள லாரிகளுக்கு நடுவில் ஒரு கீரிப்பிள்ளைக்குப் பின்னால் போனாள். இழுத்தால் மட்டும் இறுகும்படி வளையம் வைத்த அகல பெல்ட் தைத்துக்கொள்ளுங்கள். செருப்பு தைக்கும் அண்ணாச்சியிடம் அளவு கொடுத்தால் போதும். நீளக் கயிற்றில் விடும்போது கழுத்தில் கட்டாதீர்கள், நெஞ்சுப்பட்டையில் கட்டுங்கள். முழு வேகத்தில் போய்க் கயிறு முடிந்து சுண்டினால் கழுத்து தாங்காது.

வந்த முதல் மூன்று நாள் அதை ஒன்றும் செய்யாதீர்கள். மூலையில் ஒரு சாக்கு, தண்ணீர், வேளைக்குச் சாப்பாடு. சொந்தக்காரரைக் கூட்டிவந்து காட்டாதீர்கள். குளிப்பாட்டாதீர்கள். மயிலை பதினோரு நாள் வாலை ஆட்டவில்லை. பன்னிரண்டாம் நாள் நான் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது வந்து முழங்காலில் தாடையை வைத்தாள். முருங்கைக்காய்க்காகத்தான் என்று என் மனைவி சொல்கிறாள்.

அதன் பிறகு பேர் சொல்லிக் கூப்பிடப் பழக்குவது. இரண்டு பேர் வீட்டின் இரண்டு முனையில் நின்று மாறி மாறிக் கூப்பிட வேண்டும், வந்தால் ஒரு துண்டு. எங்கள் வீட்டில் துண்டு என்றால் நெத்திலிக் கருவாடு, ராத்திரியே ஊறவைத்து உப்பை எடுத்தது. வீட்டுக்குள் வந்தபின் முற்றம், முற்றத்துக்குப் பின் தோப்பு, பத்து மீட்டர் கயிற்றோடு. கூப்பிட்டு வந்ததும் ஒருபோதும் அடிக்கவோ அதட்டவோ கூடாது. செருப்பைக் கடித்துவிட்டு வந்தால்கூட. வந்ததற்குக் கூலி கருவாடு, கடித்ததற்குத் தண்டனை உங்கள் செருப்பை நீங்களே உள்ளே எடுத்துவைப்பது.

எவ்வளவு பழக்கினாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: இவர்கள் கண்ணில் முயலோ கீரியோ விழுந்துவிட்டால் காது மூடிக்கொள்ளும். நீங்கள் மட்டுமல்ல, காசிவிசுவநாதரே கூப்பிட்டாலும் திரும்பாது. கயிறில்லாமல் திறந்தவெளியில் விடுகிறவர் நாயின் உயிரோடு சூதாடுகிறார். நம் பக்கத்துக் கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறுகளை நினைத்துக்கொள்ளுங்கள், ரயில் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். மலையோரம் வீடு என்றால் சிறுத்தையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுற்றி ஆறடி வலையோ மதிலோ உள்ள இடம் கிடைத்தால்தான் கயிற்றைக் கழற்றலாம். நாலடிச் சுவரை மயிலை ஏறக்கூட மாட்டாள், அப்படியே தாண்டுவாள்.

இப்போது ஓட்டம். காலை ஐந்து மணி, ஐந்தரை மணி. வெயில் ஏறியபின் கூடாது. நாலடிக் கம்பு, நுனியில் கயிறு, கயிற்றின் நுனியில் உரச்சாக்குக் கந்தல். தரையோடு தரையாக அதை வட்டமாக இழுத்தால் கந்தல் முயலாகிவிடுகிறது. இருபது முப்பது விநாடி துரத்தவிட்டுப் பிடிக்கவிட வேண்டும். பிடிக்கவே விடாமல் ஏய்த்தால் நாய்க்கு வெறுத்துப்போகும், இல்லை வெறி ஏறும். பிடித்தபின் 'விடு' என்று சொல்லி, விட்டால் கருவாடு. மறுபடி துரத்தல். இப்படி ஆறேழு தடவை போதும். இந்த நாய்கள் மாட்டுவண்டி மாதிரி நாளெல்லாம் ஓடுகிறவை இல்லை. ஒரே மூச்சில் ஓடி ஓய்கிறவை. ஒரு வயது ஆகாத குட்டியை இப்படிச் சுழற்றி ஓடவிடாதீர்கள், மூட்டு கெட்டுப்போகும். தின்ற வயிற்றோடும் கூடாது, ஆழமான நெஞ்சுள்ள நாய்க்கு வயிறு முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

மழைநாளில் என்ன செய்வது? சிரட்டைகள். பத்துச் சிரட்டையைக் கவிழ்த்து மூன்றில் மட்டும் கருவாட்டை ஒளித்து 'தேடு' என்று விடுங்கள். கண்ணால் வேட்டையாடும் நாய் மூக்கை உபயோகித்துக் கால்மணி நேரம் மூளையைக் கசக்கினால், ஓடி வந்ததுபோலக் களைத்துப் படுக்கும். கடி வாங்கும் நாற்காலிகளின் எண்ணிக்கை என் வீட்டில் சிரட்டை வந்த வாரத்தில்தான் குறைந்தது.

கோழி விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வருஷம், நன்றாகப் பழகிவிட்டாள் என்று நான் மிதப்பில் இருந்த ஒரு சாயங்காலம், வாசற்கதவு திறந்திருந்தது. நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது ஆச்சியின் அடைகாத்த கோழி தரையில் கிடந்தது. ஆச்சி என்னை ஏசவில்லை. "நாய் நாய் வேலையைப் பாத்துது. நீ உன் வேலையைப் பாக்கல" என்றாள். கோழிக்குக் காசு வாங்கிக்கொண்டாள், முட்டைக்கு வாங்கவில்லை. மறுவாரம் கம்பிக்கூண்டு போன்ற வாய்மூடி வாங்கி, அதற்குள் கருவாடு வைத்து வைத்து மயிலை தானாக மூஞ்சியை நுழைக்கும்படி பழக்கினேன். வெளியில் போகும்போது அது இப்போதும் உண்டு. வாய்மூடி போட்ட நாயைப் பார்த்தால் ஊர் பயப்படும், பயந்துவிட்டுப் போகட்டும்.

'முயல் பிடிக்குமா' என்று கேட்ட மூவருக்கு. பொங்கல் முடிந்த ஒரு ராத்திரி இரண்டு பைக்கில் நாலு பேர் என் வாசலுக்கு வந்தார்கள், நெற்றியில் லைட் கட்டியிருந்தார்கள். "அண்ணாச்சி, ஒரு ராத்திரிக்கு மட்டும் குடுங்க. விடியங்குள்ள கொண்டாந்துருதோம். கறியில பங்கு" என்றார்கள். தரமாட்டேன் என்றேன். "பெறகு எதுக்கு இந்த நாயை வச்சிருக்கீங்க?" என்று கேட்ட தம்பியின் முகத்தில் கேலி இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டான். உரச்சாக்குக் கந்தலைக் காட்டியிருக்கலாம். அந்த நேரத்தில் தோன்றவில்லை. முயல் வேட்டைக்குச் சிறைத்தண்டனை உண்டு என்பது நினைவிருக்கட்டும். செவலையை அந்த எண்ணத்தோடு கேட்டவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

வேலை போன ஓட்டநாய் நம் ஊருக்கு மட்டுமான கதை இல்லை. ஸ்பெயினில் கால்கோ என்ற வேட்டைநாய். குளிர்கால முயல் வேட்டை முடிந்ததும் வருஷா வருஷம் வீதியில் விடப்படுபவை ஏராளம். 2023-இல் அங்கே வந்த புதிய விலங்குநலச் சட்டம் வேட்டைநாய்களை விட்டுவிட்டது. மக்காவ் நகரில் நாய்ப்பந்தய மைதானத்தை 2018-இல் மூடினார்கள். மிஞ்சிய ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட கிரேஹவுண்ட்களுக்கு வெவ்வேறு நாடுகளில் வீடு தேடிக் கொடுத்தார்கள். மணிக்கு 60 கிலோமீட்டருக்குமேல் ஓடக்கூடிய அந்த நாய்கள், கிடைத்த வீடுகளில் பெரும்பாலான நேரம் சோபாவில் மல்லாந்து தூங்குவதாக வளர்ப்பவர்கள் சிரித்துச் சொல்வார்கள். மயிலையைப் பார்த்தபின் எனக்கு அதில் சந்தேகமே இல்லை. காலை ஓட்டம் கிடைத்துவிட்டால் இவளைப்போலச் சோம்பேறி தென்காசி மாவட்டத்தில் கிடையாது. ஆடி முடிந்தும் சாரல் விடாத இந்த நாட்களில் ரோமம் குறைந்த உடம்பு வெடவெடவென்று நடுங்கும். என் பழைய போர்வைக்குள் நுழைந்துகொண்டு மூக்கை மட்டும் வெளியே நீட்டுவாள்.

தீபாவளிக்கு அதிக நாள் இல்லை, அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன். படத்தில் கருப்பியாக நடித்த நாய் 2024 தீபாவளியன்று பட்டாசுச் சத்தத்தில் மிரண்டு ஓடி, வண்டி மோதிச் செத்துப்போன செய்தியைப் பலர் படித்திருப்பீர்கள். ஊரே பேர் தெரிந்து வைத்திருந்த நாய்க்கே அந்தக் கதி. யாருக்குச் செவலை போனாலும், இப்போதிலிருந்தே செல்போனில் வெடிச்சத்தத்தை மிக மெல்லிசாக வைத்துச் சாப்பாடு கொடுத்துப் பழக்க வேண்டும். நாள் போகப்போகச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டலாம். தீபாவளிக்கு முந்தின நாளிலிருந்து உள்ளறை, மூடிய கதவு, கூடவே ஒரு ஆள். புதுத்துணி உடுத்திப் படம் பார்க்கப் போகிற திட்டம் இருப்பவர்கள் அடுத்த வருஷம் வேறு நாயைக் கேட்கலாம்.

செவலையைத் தேடி யாராவது வருகிறார்களா என்று போலீஸ் ஸ்டேஷனிலும் கடைகளிலும் சொல்லிவைத்து இன்னும் ஒரு வாரம் பார்க்கிறேன். அதுவரை அவன் என் மாமனாரின் தென்னந்தோப்பில் இருப்பான். சுற்றி வலை உண்டு, நடுவில் மரமில்லாத துண்டு ஒன்றும் உண்டு. வருகிற திங்கட்கிழமை தொடங்கி ஏழு நாள், காலை ஐந்தேகாலுக்கு நான் அங்கே நிற்பேன். ஏழு நாளும் வருகிறவருக்கு நாயைத் தருவதைப் பற்றிப் பேசலாம். ஆறு நாள் வந்தவரோடு பேச ஒன்றுமில்லை. 'சாப்பிட்டுச்சா' என்று கேட்ட தங்கைக்கும் இதே கணக்குதான், சலுகை கிடையாது. ஆனால் கேள்விக்குப் பதில் கடன்பட்டிருக்கிறேன். சாப்பிட்டான் அம்மா, பழக்கடை அண்ணாச்சியிடம் இரண்டு இட்லி, சட்னி இல்லாமல்.

கம்பும் கந்தலும் என்னிடம் இருக்கின்றன. கருவாடு அவரவர் கொண்டுவர வேண்டும், ஊறவைத்து. செருப்புப் போட்டு வராதீர்கள், ஷூ போட்டு வாருங்கள். மயிலையும் அங்கே இருப்பாள்.

இப்படிக்கு,
இலஞ்சியிலிருந்து உங்கள் அண்ணாச்சி